பரிசைக் கொடுக்கும்போதே கணக்கை முழுதாகச் சொல்லிவிடுங்கள்

மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பொள்ளாச்சியில் ஒரு மாடியில் சின்ன அறை எடுத்து வருமான வரி ரிட்டர்ன் போட்டுத் தருகிறேன். பட்டயக் கணக்காளர் இல்லை. பி.காம். முடித்துவிட்டு ஓர் ஆடிட்டரிடம் ஒன்பது வருடம் கணக்கு எழுதிப் பழகி, அப்புறம் தனியாக வந்தவன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள், தென்னந்தோப்புக்காரர்கள், நார் மில்லில் வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள். இவர்கள் போக வருடத்துக்கு நான்கைந்து பேர் வேறு ஒரு காரணத்துக்காகப் படியேறி வருவார்கள். அவர்களுக்குப் பரிசு விழுந்திருக்கும். இந்தக் கடிதம் அவர்களுக்காக.

எங்கள் ஊரிலிருந்து கோபாலபுரமோ மீனாட்சிபுரமோ அரை மணி நேரம்தான், தாண்டினால் கேரளம். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரியைத் தடை செய்தார்கள், அந்தப் பக்கம் அரசே 1968-இலிருந்து குலுக்கல் நடத்திக்கொண்டிருக்கிறது. எல்லையைத் தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது சீட்டுக் கடைகள்தான், பலகையில் வரிசையாகக் கிளிப் போட்டுத் தொங்கும் சீட்டுகள், அதில் பாதிக் கடையில் தமிழில் எழுதிய போர்டு. தேங்காய் லோடு இறக்கப் போகிறவர், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர், யாராக இருந்தாலும் திரும்பும்போது சட்டைப் பையில் ஒரு சீட்டு இருக்கும். நல்லதா கெட்டதா என்பதைப் பின்னால் சொல்கிறேன். இருக்கிற நிலவரம் இது.

முதலில் ஓர் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாட்டரிச் சீட்டையே தொடாதவர். கணவர் இறந்துவிட்டார், அவருடைய பி.எஃப். பணத்தை வங்கியில் எஃப்.டி. போட்டு வைத்திருக்கிறார், வீட்டில் தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறார். வட்டி வருடத்துக்கு 52,000 வரும், தையலில் செலவு போக 90,000 நிற்கும். போன ஓணச் சமயத்தில் மகளுக்குச் சீர் எடுக்கப் பாலக்காட்டில் ஒரு கடைக்குப் போயிருக்கிறார். பில்லோடு ஒரு கூப்பன் கொடுத்தார்கள், பெயரையும் போன் நம்பரையும் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிட்டார். மூன்று வாரம் கழித்து போன் வருகிறது, ஸ்கூட்டர் விழுந்திருக்கிறது என்று. அந்த வீட்டில் அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேசரி கொடுத்தாராம்.

மகனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனால் சாவி கிடைக்கவில்லை. வண்டியின் மதிப்பு 92,000, அதில் 30 சதவீதம் 27,600 ரூபாயைக் கட்டினால்தான் வண்டியை வெளியே விடலாம் என்றார்கள். கடைக்காரர் மேல் தப்பு இல்லை. பரிசு பொருளாக இருந்தால் வரி கட்டியாகிவிட்டது என்பதை உறுதி செய்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் கூப்பனின் பின்பக்கம் நுணுக்கி அச்சடித்திருந்த ஆங்கில வரிகளில்தான் அது இருந்தது, வாயால் யாரும் சொல்லவில்லை. அக்கா திரும்பி வந்து கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டி வண்டியை எடுத்தார். அப்புறம் ஆர்.டி.ஓ. செலவு, இன்சூரன்ஸ் தனி.

அடகு ரசீதையும், வரி பிடித்ததற்கான டிடிஎஸ் சான்றிதழையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் வைத்து எடுத்து வந்திருந்தார். "ஏனுங்க தம்பி, எஃப்.டி. வட்டியில பிடிச்ச 5,200 ரூபாயை நீங்கதானே ரிட்டர்ன் போட்டு வாங்கிக் கொடுத்தீங்க, அதே மாதிரி இதையும் வாங்கிக் கொடுத்துருங்க. எனக்குத்தான் வருமானமே இல்லையே" என்றார். இந்தக் கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. போன தடவை நானே அவருக்குச் சொன்ன பாடம் அது: உங்கள் மொத்த வருமானம் வரம்புக்குள் இருந்தால், பிடித்த வரி திரும்ப வரும். வட்டிக்கு அது சரி. பரிசுக்கு மட்டும் சரி வராது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வட்டி, தையல், ஸ்கூட்டர் மூன்றையும் கூட்டினாலும் 2,34,000 ரூபாய்தான். எந்தக் கணக்கில் பார்த்தாலும் வரி வராத வருமானம். ஆனால் 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 115பிபி பிரிவில் பரிசுக்கு, இவ்வளவு வரைக்கும் வரி இல்லை என்ற அடிப்படை வரம்பு கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், அந்த வரியின் மேல் 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி, ஆக 31.2. செலவு எதையும் கழிக்க 58(4) பிரிவு விடாது. எனக்கு வரி வராது என்று எழுதிக் கொடுக்கும் 15ஜி படிவத்தைக் கொடுத்துப் பிடித்தத்தை நிறுத்தவும் முடியாது.

அதே வருடம் 12 லட்ச ரூபாய் வருமானம் உள்ள என் இன்னொரு வாடிக்கையாளருக்குப் புதிய முறையில் (வரிக் கணக்குக்குப் பழையது, புதியது என்று இரண்டு முறை உண்டு) 87ஏ பிரிவின் வரித் தள்ளுபடி போட்டு வரியே இல்லை என்று ரிட்டர்ன் போட்டேன். சம்பளக்காரர் என்றால் நிலைக் கழிவோடு 12,75,000 வரைக்கும் வரி இல்லை. நல்ல சலுகை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே சலுகை பரிசு போன்ற தனி விகித வருமானத்துக்குப் பொருந்தாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டீர்கள். ஒரே நாளில் ஒரே நாற்காலியில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். மாதம் ஒரு லட்சம் சம்பாதிப்பவர் ஒன்றும் கட்டாமல் எழுந்து போனார், மாதம் 12,000 கூட வராதவர் அடகு ரசீதோடு உட்கார்ந்திருந்தார்.

அக்காவுக்குப் பழைய முறையைத் தேர்ந்தெடுத்து ஒரு வழி பண்ணினேன். அதில் மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 12,500 வரை தள்ளுபடி உண்டு, பரிசின் மேல் உள்ள வரிக்கு அது கிடையாது என்று பழைய முறையில் எங்கும் சொல்லவில்லை. ஆனால் அதற்கு என்னென்ன செய்ய வேண்டியிருந்தது பாருங்கள். ரிட்டர்ன் படிவங்களில், பரிசு இருப்பதால் ஐடிஆர்-1 ஆகாது, தையல் தொழில் இருப்பதால் ஐடிஆர்-2 ஆகாது, பரிசு இருப்பதால் சிறு தொழில்காரருக்கான ஐடிஆர்-4 ஆகாது, ஆக ஐடிஆர்-3. பெரிய வியாபாரிகள் நிரப்பும் அந்த நீளமான படிவத்தை ஜாக்கெட் தைக்கும் ஒருவருக்காக நிரப்பினேன். தொழில் வருமானம் இருப்பதால் பழைய முறைக்குப் போகிறேன் என்று 10-ஐஇஏ படிவம் தனி, அதுவும் கெடு தேதிக்குள். எல்லாம் செய்து முடித்த பிறகு 27,600-இல் 11,896 ரூபாய் திரும்பி வரக் கணக்கு வந்தது. மீதி 15,704 போனது போனதுதான். யாரிடமும் வராமல், தானும் தெரிந்துகொள்ளாமல் விட்டிருந்தால் அந்த 11,896-உம் போயிருக்கும். எத்தனை பேர் அப்படி விட்டிருப்பார்கள்?

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1972 வரை லாட்டரிப் பரிசு எதிர்பாராமல் வந்த பணம், அதற்கு வரி இல்லை. அந்த வருட நிதிச் சட்டம்தான் அதை வருமானம் என்றது. 1986-இல் தனி விகிதம் கொண்டுவந்தார்கள், 40 சதவீதம். 2001-இல் அதை 30 ஆகக் குறைத்தார்கள், அதே சட்டத்தில் தொலைக்காட்சியில் போட்டியிட்டு ஜெயிக்கும் பரிசையும் இதற்குள் கொண்டுவந்தார்கள். வருடக்கணக்காகப் பொது அறிவுப் புத்தகம் படித்து, கேள்விக்குப் பதில் சொல்லி ஜெயித்தவரும், குதிரை மேல் பணம் கட்டி ஜெயித்தவரும் ஒரே பிரிவில் உட்கார்ந்திருக்கிறார்கள். அது எனக்கு அன்றும் சரியாகப் படவில்லை, இன்றும் படவில்லை. 2026 ஏப்ரலிலிருந்து 1961-ஆம் வருடச் சட்டம் போய்ப் புதிய சட்டம். பிரிவு எண்கள் எல்லாம் மாறின. இந்த 30 சதவீதமும், செலவைக் கழிக்க விடாத அந்த விதியும் மட்டும் அப்படியே அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டன.

சரி, விகிதத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை. உங்கள் கையில் இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு அதுதான் இதைவிடப் பெரிய ஆதங்கம். பரிசு கொடுக்கும்போது பிடிக்கும் 30 சதவீதத்தோடு வரி முடிந்துவிட்டது என்றுதான் ஜெயித்த ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். முடியவில்லை என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஓர் அண்ணனுக்கு 2023 செப்டம்பரில் பரிசு விழுந்தது. ஏஜென்ட் கமிஷன் போக 10 லட்சம். 3 லட்சம் பிடித்துக்கொண்டு 7 லட்சம் வங்கியில் ஏறியது. மனுஷன் ஒரு ரூபாய் வீணடிக்கவில்லை. மகளின் நர்சிங் கல்லூரிக் கட்டணம், வீட்டுக்கு ஓடு மாற்றித் தார்சு போட்டது, தம்பியிடம் வாங்கிய கடன் என்று எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டின் முதல் வரி "வரி 3,00,000 கட்டியாச்சு". அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார், முடிந்த கணக்குக்குப் போடுவது போல.

முடியவில்லை. உள்நாட்டில் வசிப்பவருக்குப் பிடிக்கும்போது செஸ்ஸைச் சேர்த்துப் பிடிப்பதில்லை, அதனால் 12,000 ரூபாய் பாக்கி நின்றது. அவருடைய மொத்த வருமானம் 12 லட்சத்தை ஒட்டி வந்ததால் ரிட்டர்னும் போட்டிருக்க வேண்டும், 2024 ஜூலை 31-க்குள். அவருக்கு ரிட்டர்ன் என்றால் என்ன என்றே தெரியாது. பரிசை வாங்குவதற்காக ஒரு பிரவுசிங் சென்டரில் அவசரமாகப் பான் கார்டு எடுத்திருக்கிறார், மெயில் ஐடி கேட்டபோது இல்லை என்றதும் சென்டர்க்காரர் தன்னுடையதைப் போட்டுவிட்டார். துறையிலிருந்து போன மெயில் அந்தச் சென்டரின் பெட்டியில் இருநூறு பேருடைய மெயிலோடு கிடந்தது. நீங்கள் அனுப்பினீர்கள் என்பது உண்மை, அவருக்கு வந்து சேரவில்லை என்பதும் உண்மை. எங்கள் பக்கம் இப்படி எத்தனை பான் கார்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஒவ்வொரு ஜூலையிலும் ஓடிபி வாங்கச் சென்டர் சென்டராக அலைவது நான்தான்.

நவம்பரில் அந்தச் சென்டர்க்காரரே பார்த்துச் சொல்லி, அண்ணன் என்னிடம் வந்தார். 12,000 பாக்கி, வட்டி 2,000-ஐ ஒட்டி, தாமதக் கட்டணம் 5,000. ஏறக்குறைய 19,000 ரூபாய். கையில் ஒன்றும் இல்லை, எல்லாம் சுவரிலும் கல்லூரியிலும் போய்விட்டது. அன்றைக்கு அவர் கேட்டதை எழுதுகிறேன்: "தம்பி, அவங்க 3 லட்சத்துக்குப் பதிலா 3,12,000 பிடிச்சிருந்தா நான் கேட்டிருக்கவா போறேன்? சந்தோஷமா வாங்கிட்டு வந்திருப்பேன்ல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வெளிநாட்டில் வசிப்பவருக்குப் பிடிக்கும்போது செஸ்ஸும் சர்சார்ஜும் (பெரிய வருமானக்காரருக்கு வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்துத்தானே பிடிக்கிறோம், இங்கே இருப்பவருக்கு ஏன் விட்டுவிட வேண்டும்? சம்பளம் இல்லாத வேறு பிடித்தங்களில் செஸ்ஸை விட்டுவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு, அங்கே பிடிப்பது 1 சதவீதம், 2 சதவீதம், 10 சதவீதம், உண்மையான வரி என்ன என்பது வருட முடிவில்தான் தெரியும். பரிசுக்கு அப்படி இல்லையே. 30 என்றால் 30, செஸ் 4 என்றால் 4, பணம் கொடுக்கும் நிமிடத்திலேயே கணக்கு முடிந்துவிடக்கூடிய வரி இது. அதைப் போய் பாக்கி வைத்து அனுப்புகிறோம்.

பெரிய தொகை என்றால் பாக்கியும் பெரிதாகிவிடுகிறது. கேரள அரசு ஓணத்துக்கு நடத்தும் திருவோணம் பம்பர் குலுக்கலின் முதல் பரிசு 25 கோடி. 2023-இல் அது தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு பேர் சேர்ந்து வாளையாறில் எடுத்த சீட்டுக்கு விழுந்தது, எங்கள் பக்கம் ஒரு மாதம் வேறு பேச்சே இல்லை. அவர்கள் என்ன கட்டினார்கள் என்பது அவர்கள் விஷயம், அதற்குள் நான் போகவில்லை. பொதுவாகப் போட்டுப் பார்ப்போம். 25 கோடியில் ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம் இரண்டரைக் கோடி போனால் 22.5 கோடி. அதில் 30 சதவீதம் 6.75 கோடி பிடித்தது போக 15.75 கோடி. பேப்பரிலும் டிவியிலும் வருவது இந்த 15.75 கோடிதான், டீக்கடையில் பேசுவதும் இதுதான். ஆனால் புதிய முறையில் 25 சதவீதம் சர்சார்ஜ், அதன் மேல் செஸ் சேர்த்தால் மொத்த வரி 8.775 கோடி. அதாவது கைக்கு வந்த பணத்திலிருந்து அந்த மனிதர் தானாகவே இன்னும் 2 கோடியே இரண்டரை லட்சம் எடுத்துக் கட்ட வேண்டும். தெரியாமல் பழைய முறையில் போனால் சர்சார்ஜ் 37 சதவீதம், கைக்கு நிற்பது 12.88 கோடி. ஓர் ஆட்டோ ஓட்டுநருக்கு, ஒரு பெயின்ட் கடை ஊழியருக்கு இப்படிப் பரிசு விழுகிறது. வருடம் முடியுமுன்பே தவணையாகக் கட்டும் முன்கூட்டிய வரி என்ற சொல்லையே கேட்டிராதவர் கோடிக்கணக்கில் முன்கூட்டிய வரி கட்ட வேண்டியவராகிவிடுகிறார், அதுவும் அடுத்த தவணைத் தேதிக்குள், இல்லாவிட்டால் மாதம் 1 சதவீத வட்டி. வீடு தேடி வந்து கடன் கேட்பவர்களுக்கும் நிலம் விற்க வருபவர்களுக்கும் நடுவில் இதை யார் அவருக்குச் சொல்வது?

கேரள அரசுக்கு இது புரிந்திருக்கிறது. 2022-இல் பம்பர் பரிசு வென்றவர்களுக்குப் பணத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். பரிசு கொடுக்கும் அரசு அதைச் செய்கிறது. வரி வாங்கும் நாம் இரண்டு பக்கத் தாளாவது கொடுக்க வேண்டாமா?

உங்களால் முடியாது என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் நன்றாகச் செய்ததையும் பார்த்திருக்கிறேன். 2022-இல் ஒரு தகப்பனார் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார், கல்லூரி முடித்த பையன், ஆன்லைன் ரம்மி. ஏஐஎஸ்ஸில், அதாவது துறை வைத்திருக்கும் வருடத் தகவல் அறிக்கையில், அவன் பேரில் 1,60,000 ரூபாய் ஜெயித்ததாக இருந்தது, 48,000 வரி பிடித்திருந்தார்கள். தகப்பனார் வங்கி ஸ்டேட்மென்ட்டை விரித்து வைத்துப் பென்சிலால் ஒவ்வொரு வரியாக டிக் அடித்துக் கூட்டினார், 200, 500, 2,000, நடுராத்திரி 5,000. போட்ட பணம் நான்கு லட்சத்தைத் தாண்டியது. இழந்தவன் மேல் ஜெயித்ததற்கான வரி. இழப்பைக் கழிக்க வழியில்லை, செஸ் 1,920 மேலே கட்டச் சொல்லி நானே சலான் போட்டேன். அந்தப் பையன் தலையைத் தூக்கவே இல்லை.

2023 ஏப்ரலிலிருந்து அதை நீங்கள் மாற்றினீர்கள். 194பிஏ என்று புதுப் பிரிவு, விதி 133-இல் சூத்திரம், எடுத்த பணத்திலிருந்து போட்ட பணத்தையும் வருடத் தொடக்கத்தில் இருந்த இருப்பையும் கழித்துவிட்டு நிகரமாக நிற்பதற்கு மட்டும் வரி. மே மாதமே கேள்வி பதிலாக ஒரு சுற்றறிக்கையும் போட்டீர்கள், உதாரணக் கணக்கோடு. படித்தபோது யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டையே தடை செய்யும் சட்டம் வந்துவிட்டது, அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன், எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு அதில் அழிந்தது. ஆனால் இப்போதைய நிலைமையைப் பாருங்கள். எதைத் தடை செய்தோமோ அதற்குத்தான் நியாயமான சூத்திரம் இருந்தது. அரசே அச்சடித்து விற்கிற சீட்டுக்கு, ஐந்நூறு ரூபாய் பம்பர் சீட்டின் விலையைக்கூடக் கழிக்க முடியாது. வருடம் முழுக்கச் சீட்டு வாங்கி 40,000 விட்டவருக்கு 20,000 விழுந்தால், விட்டது விட்டதுதான், விழுந்ததற்கு 31.2 சதவீதம். பங்குச் சந்தையில் எஃப் அண்ட் ஓ என்ற முன்பேர வியாபாரம் ஆடி விட்டவர் அந்த நஷ்டத்தை எட்டு வருடம் தூக்கிக்கொண்டு போய்க் கழிக்கிறார். நான்தான் கழித்துக் கொடுக்கிறேன்.

இதற்கு வரும் பதில் எனக்குத் தெரியும். சூதாட்டத்தை ஊக்குவிக்கக் கூடாது, அதனால்தான் கடுமையான வரி என்பார்கள். சீட்டு வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. 700 ரூபாய் கூலியில் 200 ரூபாய்க்குச் சீட்டு வாங்கும் ஆட்களை எனக்குத் தெரியும், அவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்றும் தெரியும். ஆனால் வரி அவர்களைத் தடுக்கவில்லையே. சீட்டு எடுக்கும் நேரத்தில் அந்த வரியைப் பற்றி யாருக்கும் தெரியாது, தெரியாத ஒன்று எப்படிப் பயமுறுத்தும்? கடையில் நிற்கும் ஆயிரம் பேரை விட்டுவிட்டு, ஜெயித்து வெளியே வந்த ஒருவரைத்தான் அது பிடிக்கிறது. கூப்பன் போட்ட தையல்கார அக்கா எந்தச் சூதும் ஆடவில்லை, மகளுக்குப் புடவை எடுத்தார்.

இன்னொன்று, 10,000 ரூபாய்க்குள் என்றால் வரி இல்லை என்று ஊரே நம்புகிறது. அது பிடித்தம் செய்வதற்கான வரம்பு, வரிக்கான வரம்பு இல்லை என்று விளக்கியே எனக்கு வாய் வலிக்கிறது. 2010 ஜூலையில் 5,000-இலிருந்து 10,000 ஆக்கினீர்கள். 2023-இல் வருடம் முழுக்கக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று மாற்றி, 2025-இல் ஒவ்வொரு பரிசுக்கும் தனித்தனி என்று திரும்பவும் மாற்றினீர்கள். கடைசியாகச் செய்தது நல்லது. அதே கையோடு அந்தத் தொகை வரைக்கும் வரியே வேண்டாம் என்று விட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும்? குக்கரும் மிக்ஸியும் ஜெயித்தவர்களைக் கேட்டு எவ்வளவு வந்துவிடப் போகிறது? இப்போது யாரும் காட்டுவதும் இல்லை, நேர்மையாகக் காட்ட நினைப்பவர்தான் ஐடிஆர்-2-க்குப் போய்ச் சிக்கிக்கொள்கிறார்.

நான் கேட்பது பெரிய சலுகை ஒன்றும் இல்லை. பங்கு விற்ற லாபத்துக்கும் தனி விகிதம்தான், ஆனால் அங்கே உள்நாட்டில் வசிப்பவருக்கு மற்ற வருமானம் அடிப்படை வரம்பை எட்டாவிட்டால், மீதி வரம்பை லாபத்தில் கழித்துக்கொள்ள விடுகிறீர்கள். அதே வாசகத்தைப் பரிசுக்கும் சேர்க்கும்படி அடுத்த பட்ஜெட்டுக்கு முன்னால் நிதி அமைச்சகத்துக்கு நீங்கள் பரிந்துரை செய்யலாம். கோடி ஜெயித்தவருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் மாறாது, அக்காவுக்குச் சங்கிலி திரும்ப வந்துவிடும். உள்நாட்டுப் பரிசுக்கும் செஸ், சர்சார்ஜ் சேர்த்தே பிடிக்கும்படி நிதிச் சட்டத்தில் ஒரு வரி மாற்றச் சொல்லலாம். இவை நாடாளுமன்றம் வழியாக வர வேண்டியவை, நேரம் ஆகும், சரி.

ஆனால் பரிசு கொடுப்பவர் டிடிஎஸ் சான்றிதழோடு அந்த மாநில மொழியில் ஒரு தாள் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்ல எந்த பட்ஜெட்டும் தேவையில்லை. உங்கள் மொத்த வரி இவ்வளவு, பிடித்தது இவ்வளவு, பாக்கி இவ்வளவு, இந்தத் தேதிக்குள் கட்டுங்கள், இந்தப் படிவத்தில் ரிட்டர்ன் போடுங்கள். ஐந்து வரி. பொருளாகப் பரிசு கொடுக்கும் கடைகள் கூப்பனின் முன்பக்கத்திலேயே, பரிசின் மதிப்பில் 30 சதவீதத்தை ஜெயித்தவர் முதலில் கட்ட வேண்டும் என்று கண்ணில் படும் எழுத்தில் போட வேண்டும். பரிசுப் பிடித்தம் ஏஐஎஸ்ஸில் ஏறியதும், மெயிலை மட்டும் நம்பாமல், பரிசு கொடுத்தவர் வாங்கி வைத்திருக்கும் போன் நம்பருக்கு ஒரு எஸ்எம்எஸ், தமிழில், மலையாளத்தில், கன்னடத்தில். அந்த நம்பர் கட்டாயம் வேலை செய்யும், அதில்தானே கூப்பிட்டுப் பரிசு விழுந்ததைச் சொன்னார்கள்.

நீங்கள் செய்யும் வரைக்கும் சும்மா இருக்க மனது கேட்கவில்லை. போன மாதம் அந்த ஐந்து வரியை நானே எழுதி, மகளை விட்டுக் கம்ப்யூட்டரில் அடித்து, ஐம்பது ஜெராக்ஸ் எடுத்து மீனாட்சிபுரத்தில் இரண்டு சீட்டுக் கடைகளுக்குக் கொண்டு போனேன். ஒரு கடைக்காரர் வாங்கவில்லை, வியாபாரம் கெட்டுவிடும் என்றார். இன்னொருவர் மலையாளி, தமிழ் படிக்கத் தெரியாது, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, இத்தனை வருஷம் சீட்டு விற்கிறேன், இதை யாரும் எனக்கே சொல்லவில்லையே என்று சொல்லி, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கிளிப்பில் மாட்டி வைத்துக்கொண்டார். மலையாளத்தில் ஒன்று எழுதித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. அதை நீங்கள் எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
பொள்ளாச்சியிலிருந்து வரிக் கணக்கு எழுதும் ஒருவன்